சியாட்டில் கொல்லையில் கோழியும் குட்டை ஆடும்: கூண்டு வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சியாட்டில் நகரச் சட்டம் வீட்டுக் கொல்லையில் கோழியும் குட்டை ஆடும் வளர்க்க அனுமதிக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டுத் தூரக் கணக்கில் கோட்டை விடுகிறார்கள்.

1. முகவரியைச் சரிபாருங்கள்

தபால் முகவரியில் 'சியாட்டில்' என்று இருப்பது போதாது. ஸ்கைவே, ஷோர்லைன் வீடுகளுக்கும் அப்படித்தான் வரும். ஆனால் அவை நகர எல்லைக்குள் இல்லை. பக்கத்து நகரங்களான பெல்வியூ, ரெட்மண்டுக்கு வேறு விதிகள். சியாட்டில் அடங்கிய கிங் கவுண்டியின் 'பார்சல் வியூவர்' என்ற இணைய வரைபடத்தில் முகவரியைத் தட்டினால் வீடு எந்த நகரத்தில் சேர்கிறது, மனை எத்தனை சதுர அடி என்று தெரிந்துவிடும். ஹோம் ஓனர்ஸ் அசோசியேஷன் (குடியிருப்பு வீட்டு உரிமையாளர் சங்கம்) இருந்தால் அதன் பத்திரத்தையும் படியுங்கள். நகரம் அனுமதித்ததை அது தடுக்கலாம்.

2. கோழிக் கணக்கு

ஒரு மனைக்கு 8 கோழி. சேவலுக்கு 2010 முதல் தடை. அதனால் ஆண், பெண் பிரிக்காத குஞ்சுகளை வாங்காதீர்கள். ஏறக்குறைய பாதி சேவலாகிவிடும். பெட்டை என்று பிரித்து விற்பதிலும் பத்தில் ஒன்று தவறலாம். கூவத் தொடங்கினால் யாரிடம் கொடுப்பது என்பதை முன்பே பேசி வையுங்கள்.

3. டேப்பை எடுங்கள்

பக்கத்து மனையில் ஆள் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து கூண்டு குறைந்தது 10 அடி தள்ளி இருக்க வேண்டும். அளப்பது வேலியிலிருந்து அல்ல, அந்தக் கட்டடத்தின் சுவரிலிருந்து. பக்கத்து வீட்டார் கொல்லையில் கட்டிய சிறு குடிலும் குடியிருப்புதான், அதையும் சேர்த்தே அளக்க வேண்டும். இன்னும் கட்டாத குடிலும் நாளை வரலாம். முடிந்தால் கூண்டை உங்கள் வீட்டை ஒட்டியே வையுங்கள்.

4. ஆடு என்றால்

இங்கேதான் கணக்கு இடிக்கும். 20,000 சதுர அடிக்குக் குறைந்த மனையில், நாய், பூனை, குட்டை ஆடு எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்கு 3 சிறு பிராணிகள்தான். கோழி இதில் சேராது. ஏற்கெனவே ஒரு நாயும் ஒரு பூனையும் இருந்தால் ஓர் ஆட்டுக்குத்தான் இடம் மிச்சம். ஒற்றை ஆடோ துணை தேடி நாள் முழுக்கக் கத்தும், பக்கத்து வீட்டிலிருந்து புகார் வரும். இரண்டுக்கு இடமில்லை என்றால் ஆட்டு ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

ஆட்டுக்கு நகர உரிமம் எடுக்க வேண்டும். கொம்பு நீக்கியிருக்க வேண்டும், கிடா என்றால் காயடித்திருக்க வேண்டும். பிறந்த ஓரிரு வாரத்திலேயே கொம்பு முளையைச் சுட்ட குட்டியாகக் கேட்டு வாங்குங்கள். வளர்ந்த கொம்பை எடுப்பது பெரிய அறுவை சிகிச்சை. பால் குடிக்கும் குட்டிகள் 12 வாரம் வரை கணக்கில் வராது.

5. கூண்டு

ஒரு கோழிக்கு உள்ளே 4 சதுர அடி, வெளியே உலவ 8 முதல் 10 சதுர அடி. சாதாரணக் கோழி வலையை, இரவில் இரை தேடி வரும் ரக்கூன் என்ற விலங்கு கிழித்துவிடும். அரை அங்குலக் கண் கொண்ட வெல்டட் கம்பி வலையை அடித்து, ஓர் அடி மண்ணுக்குள்ளும் இறக்குங்கள். இரவில் தீவனத்தை வெளியே விட்டால் எலி வரும். மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள்.