பார்க்ரன்னில் முதல் முறை கலந்துகொள்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லண்டனின் தென்மேற்கில், டெடிங்டனை ஒட்டியுள்ள புஷி பார்க்கில் 2004 அக்டோபர் 2 அன்று பால் சிண்டன்-ஹியூவிட் என்பவர் ஏற்பாடு செய்த ஓட்டத்தில் 13 பேர் ஓடினார்கள். அதுவே வளர்ந்து இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் காலையில் நடைபெறும் பார்க்ரன் ஆகியிருக்கிறது. தூரம் 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, நடத்துபவர்கள் அனைவரும் தன்னார்வலர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காலை 9 மணிக்கும், ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் 9.30 மணிக்கும் ஓட்டம் தொடங்குகிறது. ஓடலாம், நடக்கலாம், இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யலாம்.

இது பந்தயம் அன்று என்று அமைப்பாளர்கள் ஒவ்வொரு வாரமும் சொன்னாலும், ஒவ்வொருவரின் நேரமும் பதிவாகிப் பட்டியலாக வெளியாவதால், முதல் முறை வருபவர்கள்கூட அடுத்தவரைப் பார்த்து வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். பூங்கா ஓட்டத்தில் தவிர்க்கக்கூடிய பெரிய ஆபத்து இந்த அவசரம்தான் என்பது என் உறுதியான கருத்து. முதல் சனிக்கிழமை கடிகாரத்தைப் பார்க்காமல், பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்திலேயே கடைசி வரை செல்லுங்கள்.

உடல்நிலையை முன்கூட்டியே சரிபார்ப்பது நம்மவர்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. தெற்காசிய வம்சாவளியினருக்கு இரண்டாம் வகை நீரிழிவும் இதய நோயும் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வரும் வாய்ப்பு அதிகம். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை பொதுவாக உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.) 25-ஐத் தாண்டினால் எச்சரிக்கிறது. நமக்கு அந்த எல்லையை 23 என்று வைத்திருக்கிறது. ஆகவே, நாற்பதைக் கடந்தவர்கள், நீண்ட காலம் உடற்பயிற்சி செய்யாதவர்கள், இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருப்பவர்கள் ஆகியோர் முதலில் தங்கள் குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் பேச வேண்டும். குடும்ப மருத்துவர்களின் ராயல் கல்லூரியும் பார்க்ரன்னும் 2018 முதல் இணைந்து செயல்படுவதால், பல ஜி.பி. மருத்துவ நிலையங்கள் நோயாளிகளைத் தாமாகவே இந்த ஓட்டத்துக்கு அனுப்புகின்றன. கேட்பதில் தயக்கம் வேண்டாம். இன்சுலின் எடுப்பவர்கள் ஓடும்போது சர்க்கரை திடீரெனக் குறையக்கூடும் என்பதால் குளுக்கோஸ் மாத்திரையைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் நிவாரண இன்ஹேலரைக் காரில் விட்டுவிட்டு வரக் கூடாது. குளிர்காலக் காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருக்கும் வாரம் ஓடவே வேண்டாம்.

அறவே பழக்கமில்லாதவர்களுக்கு அதே சுகாதாரச் சேவை வழங்கும் ‘கவுச் டு 5கே’ என்ற 9 வாரப் பயிற்சி இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள், சிறிது நடை, சிறிது ஓட்டம் என்று தொடங்கி அது படிப்படியாகக் கூடுகிறது. அதை முடித்த பிறகுதான் பார்க்ரன்னுக்குப் போக வேண்டும் என்பதில்லை. முதல் வாரத்திலிருந்தே அங்கே சென்று நடக்கலாம்.

இணையத்தில் ஒரு முறை பதிவு செய்தால் போதும். உங்களுக்கென ஒரு பார்கோடு கிடைக்கும். அது எந்த நாட்டின் பார்க்ரன்னிலும் செல்லும். கைபேசியில் காட்டினாலும் ஏற்பார்கள் என்றாலும், அச்சிட்ட தாளையோ கைப்பட்டையையோதான் நான் பரிந்துரைப்பேன். காரணம், நீங்கள் மயங்கி விழுந்தால் பூட்டிய கைபேசியை யாராலும் திறக்க முடியாது. அச்சிட்ட பார்கோட்டிலோ உங்கள் பெயரும் அவசரத் தொடர்பு எண்ணும் இருக்கும். அந்த எண்ணாக யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருக்கும் பெற்றோரின் எண்ணைக் கொடுப்பவர்கள் பலர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அரை மணி நேரத்தில் மருத்துவமனைக்கு வந்து சேரக்கூடிய ஒருவரின் எண்ணைக் கொடுங்கள்; அந்த நேரத்தில் அவர் கைபேசியை அணைத்துவைக்காமல் இருக்கட்டும். தாளின் பின்புறம் ஒவ்வாமை, நீரிழிவு, உட்கொள்ளும் முக்கிய மருந்து ஆகியவற்றைப் பேனாவால் ஆங்கிலத்தில் எழுதி, நனையாமல் ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில் இடுங்கள்.

வீட்டிலிருந்து புறப்படுவதற்கு முன் அந்தப் பூங்கா ஓட்டத்தின் இணையப் பக்கத்தைப் பாருங்கள். தரை உறைந்திருந்தாலோ பலத்த காற்று வீசினாலோ காலையில்கூட ரத்து செய்வார்கள். தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பாவது சென்று, புதியவர்களுக்கான விளக்கத்தையும், அதன் பிறகு அன்றைய ஓட்டத்துக்குப் பொறுப்பான ரன் டைரக்டர் எல்லோருக்கும் சொல்வதையும் முழுமையாகக் கேளுங்கள். பாதை எந்தப் பக்கம் திரும்புகிறது, எத்தனை சுற்று, இன்று எங்கே சேறு, எந்த இடத்தில் சைக்கிள்கள் குறுக்கிடும் என்பதெல்லாம் அந்தச் சில நிமிடங்களில்தான் சொல்லப்படும். ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாத அம்மாவையோ மாமாவையோ அழைத்து வந்தால், அவர் பக்கத்திலேயே நின்று மெல்லிய குரலில் தமிழில் சொல்லுங்கள், முன்வரிசைக்கு ஓடிவிடாதீர்கள்.

தொடக்கக் கோட்டில் நிற்கும் இடம் முக்கியமானது. புஷி பார்க்கில் ஆயிரம் பேருக்கு மேல் கூடும் வாரங்கள் உண்டு. மெதுவாகச் செல்பவர் முன்னால் நின்றால், பின்னாலிருந்து வேகமாக வருபவர்கள் அவர்மீது மோத நேரும்; முதல் சில நூறு மீட்டரில் கால் இடறி விழுவது இப்படித்தான். புதியவர்கள் கடைசி மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்பது நல்லது. பிடிமானமுள்ள காலணியை அணியுங்கள். ஈர இலைகள் படிந்த நவம்பர் பாதையில் தேய்ந்த அடிப்பாகம் வழுக்கும். ஷூ கயிற்றை இரட்டை முடிச்சாகப் போடுங்கள். சல்வார் அணியும் பெண்கள் துப்பட்டாவை விட்டுவிட்டு வருவதோ இறுக்கிக் கட்டுவதோ பாதுகாப்பானது. காதில் இசை ஒலிப்பான் போட்டுக்கொண்டால் பாதையோரம் நின்று வழிகாட்டும் தன்னார்வலரான மார்ஷலின் எச்சரிக்கை கேட்காது.

பூங்கா நமக்காக மூடப்படுவதில்லை. நாயோடு நடப்பவருக்கும், தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாய்க்கும் வழிவிட வேண்டியவர்கள் நாம்தான். உங்கள் நாயோடு ஓட விரும்பினால், அந்தப் பூங்காவில் அதற்கு அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள். அனுமதி இருந்தாலும் ஒருவருக்கு ஒரு நாய், அதுவும் கையில் பிடித்த குட்டைக் கயிற்றில் மட்டுமே. புஷி பார்க்கிலும் ரிச்மண்ட் பார்க்கிலும் மான்கள் சுதந்திரமாகத் திரிகின்றன. செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஆண்மான்கள் இணைசேரும் பருவத்தில் மூர்க்கமாக இருக்கும். மே முதல் ஜூலை வரை குட்டியைக் காக்கும் தாய்மான்களும் அப்படியே. எப்போதும் 50 மீட்டர் விலகியிருங்கள். படமெடுப்பதற்காகப் பாதையை விட்டு இறங்காதீர்கள்.

நான்கு வயது நிரம்பிய குழந்தைகள் பங்கேற்கலாம். ஆனால் பதினொரு வயதுக்கு உட்பட்டவர்கள் கை எட்டும் தூரத்திலேயே பெற்றோருடனோ பொறுப்பாளருடனோ இருக்க வேண்டும். பிள்ளை ஆர்வமிகுதியில் முன்னே பாய்ந்தால் நீங்களும் ஓட வேண்டும். முடியாவிட்டால் அவனை நிறுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் 4 முதல் 14 வயது வரையுள்ளவர்களுக்கென்று 2 கிலோமீட்டர் ஜூனியர் பார்க்ரன் பல இடங்களில் நடக்கிறது; சிறு பிள்ளைகளுக்கு அதுவே பொருத்தம். முதியவர்கள் தாம் கடைசியாகிவிடுவோமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. டெயில் வாக்கர் எனப்படும் தன்னார்வலர் எப்போதும் கூட்டத்தின் கடைசியில் நடப்பார். அவருக்கு முன்னால் இருக்கும் யாரும் பாதையில் தனியாக விடப்படமாட்டார்கள்.

ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஏதேனும் வந்தால் உடனே நின்றுவிடுங்கள். வாயுத்தொல்லை என்று நினைத்து இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடிப் பார்க்காதீர்கள். அருகிலுள்ள மார்ஷலிடம் சொல்லுங்கள், அல்லது பக்கத்தில் செல்பவரை அழைத்துச் சொல்லுங்கள்.

வேறொருவர் சரிந்து விழுந்தால், நின்று உதவுங்கள். தோளைத் தட்டி அழைத்துப் பாருங்கள். அசைவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் ஒருவர் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைக்கட்டும்; இன்னொருவர் அடுத்த மார்ஷலிடம் ஓடி, மின் அதிர்ச்சி கொடுத்து இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவியான டிஃபிப்ரிலேட்டரைக் கேட்கட்டும்; நீங்கள் மார்பின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளின் அடிப்பாகத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கையை மடக்காமல், 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுமையாக மேலெழ விடுங்கள். டிஃபிப்ரிலேட்டர் வந்ததும் அதை இயக்கினால், என்ன செய்ய வேண்டும் என்று அதுவே குரலில் சொல்லும். அதிர்ச்சி தேவையில்லாதவருக்கு அது அதிர்ச்சி கொடுக்காது, ஆகவே பயப்படாமல் பயன்படுத்தலாம். நீங்கள் களைத்தால் மற்றொருவரை மாற்றிக்கொள்ளுங்கள்.

முடிவுக் கோட்டைக் கடந்ததும் கயிறு கட்டிய குறுகிய வழிக்குள் நுழைவீர்கள். அங்கே யாரையும் முந்தக் கூடாது. அதே வரிசையில் மெதுவாக நடந்துகொண்டே இருங்கள். திடீரென நின்றால் கால்களில் இரத்தம் தேங்கித் தலை கிறுகிறுக்கும், பின்னால் வருபவரும் மோதுவார். நீங்கள் எத்தனையாவதாக வந்தீர்கள் என்பதைக் குறிக்கத் தன்னார்வலர் தரும் டோக்கனை வாங்கி, அதையும் உங்கள் பார்கோடையும் ஸ்கேன் செய்யக் கொடுங்கள். டோக்கனை வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டாம். வியர்த்த சட்டையைக் குளிர் ஏறுவதற்குள் மாற்றிவிடுங்கள்.

பாதி வழியில் விலகியிருந்தால் சொல்லாமல் வீட்டுக்குப் போகாதீர்கள். உங்களைக் காணவில்லை என்று தன்னார்வலர்கள் பூங்கா முழுவதும் தேட நேரிடும். விழுந்து முழங்கால் சிராய்த்திருந்தாலும் புறப்படும் முன் ரன் டைரக்டரிடம் எந்த இடத்தில், எதில் இடறினீர்கள் என்று சொல்லுங்கள். மண்ணுக்கு மேலே துருத்திய அந்த வேரை அடுத்த வாரம் வண்ணம் பூசிக் காட்டவோ, அங்கே ஒரு மார்ஷலை நிறுத்தவோ அவரால் முடியும்.