கைக்கத்தியும் அதற்கென்றே அளவெடுத்த தோல் உறையும்: முதன்முறை செய்பவர்களுக்கு

கத்தி செய்யக் கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் அலகை முடித்து, பிடியைப் பொருத்தி, தேய்த்து மெருகேற்றிய பிறகுதான் உறையைப் பற்றி நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். செருப்பு வேலையில் மிஞ்சிய மெல்லிய தோல் துண்டை மடித்துத் தைத்த என் முதல் உறை, இடுப்பில் மாட்டிக்கொண்டு குனிந்தவுடன் கத்தியைக் கீழே நழுவவிட்டது. ஐப்பசி மழையில் ஒரு வாரம் அதே உறைக்குள் கிடந்த அலகில் துருப்புள்ளிகளும் விழுந்தன. பிழை பாதி தோலில் இருந்தது, பாதி நான் செதுக்கிய பிடியில் இருந்தது. உறை கத்தியை இறுகப் பற்றுவது பிடியின் வடிவத்தைப் பொறுத்தது என்பதால், இரண்டையும் ஒரே வேலையாக, முதல் நாளே தாளில் வரைந்துகொள்ள வேண்டும்.

இங்கே விளக்குவது சமையலறைக்கும் தோட்டத்துக்கும் பொதுவாகப் பயன்படும் ஒரு சிறு கத்தி. அலகு 10 செ.மீ., பிடி 11 செ.மீ., அகலம் 28 மி.மீ., முதுகின் கனம் 4 மி.மீ. இந்த அளவை விட்டுப் பெரிதாகப் போக ஆசைப்படுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றின் பயன்பாட்டுக்கென்று அமையாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுத விதிகளின் கீழ் வருகின்றன.

வரைபடம்

தடித்த அட்டையில் கத்தியை முழு அளவில் வரைந்து வெட்டி, கையில் பிடித்துப் பாருங்கள். பிடியின் முன்பகுதியில், அலகிலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளி ஒரு லேசான புடைப்பும், அதற்குப் பின் சிறிது இடுங்கலும் இருக்கட்டும். உறையின் வாய் அந்த இடுங்கலில் வந்து முடிய வேண்டும். கத்தியை உள்ளே தள்ளும்போது புடைப்பு தோலைச் சற்று விரித்துக்கொண்டு நுழையும்; நுழைந்ததும் தோல் அதன் பின்னால் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பட்டனோ வாரோ தேவைப்படாத உறையின் சூட்சுமம் இவ்வளவுதான்.

எஃகு

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய லாரிப் பட்டறைகளில் ஸ்பிரிங் பட்டை சுலபமாகக் கிடைக்கிறது. ஏறத்தாழ 0.5 முதல் 0.6 சதவீதம் கார்பன் கொண்ட இந்த எஃகு, எண்ணெயில் தோய்த்தால் நன்றாக இறுகும். முதன்முறை செய்பவரின் தவறுகளையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் பல ஆண்டுகள் பாரம் சுமந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கக்கூடும் என்பதால், பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் வாங்குவதைவிட, ஸ்பிரிங் கட்டும் கடையில் புதுப் பட்டையின் வெட்டுத் துண்டைக் கேட்டு வாங்குவதையே பரிந்துரைப்பேன். பட்டை வளைந்தும் கனமாகவும் இருக்கும். அரிவாள், கொடுவாள் அடிக்கும் கொல்லர் பட்டறையில் கொடுத்து, நேராக்கி 4 மி.மீ. கனத்துக்குத் தட்டித் தரச் சொல்லுங்கள். பிறகு அதைச் சிவக்கக் காய்ச்சி, அடுப்புச் சாம்பல் நிறைந்த வாளிக்குள் புதைத்து ஒரு இரவு ஆறவிட வேண்டும். மெதுவாக ஆறிய எஃகு அரத்துக்கு இணங்கும். இந்த ஒரு இரவை மிச்சம் பிடித்தவர்கள் இரண்டு அரத்தைப் பாழாக்குவார்கள்.

வடிவமைத்தல்

அட்டை வார்ப்பை எஃகின் மேல் வைத்துக் கோடு கிழித்து, கட்டிங் டிஸ்க் போட்ட கிரைண்டரால் கோட்டுக்கு 1 மி.மீ. வெளியே வெட்டி, மீதியை அரத்தால் சரிசெய்யுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் அணியாமல் கிரைண்டரைத் தொட வேண்டாம். பிடிக்கான ஆணித் துளைகளை, எஃகு மென்மையாக இருக்கும் இப்போதே 4 மி.மீ. ட்ரில்லால் போட்டுவிட வேண்டும். துவைச்சலுக்குப் பிறகு, அதாவது எஃகைக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து இறுக்கிய பிறகு, சாதாரண ட்ரில் முனை உள்ளே இறங்காது.

அடுத்தது சரிவு, அதாவது அலகு கூரை நோக்கி மெலிந்து இறங்கும் பக்கங்கள். அலகின் வாய்ப்பக்கம் (கூர் வரப்போகும் விளிம்பு) முழுவதும் மார்க்கர் மையைப் பூசி, கத்தியைச் சமமான கண்ணாடித் துண்டின் மேல் படுக்க வையுங்கள். எஃகின் கனத்துக்குச் சமமான ட்ரில் முனை ஒன்றை, நம் கத்திக்கு 4 மி.மீ. முனையை, அதே கண்ணாடியில் படுக்க வைத்து, அதன் கூர் வாய்ப்பக்கத்தை உரசும்படி நுனியிலிருந்து பிடி வரை இழுங்கள். முனையின் கூர் அதன் நடுவில் இருப்பதால், மையின் மேல் எஃகின் சரிநடுவில் ஒரு மெல்லிய வெள்ளிக் கோடு விழும். கத்தியைப் புரட்டி மறுபடியும் இழுங்கள். இரண்டு கோடுகளுக்கு இடையே முடியளவு இடைவெளி இருந்தால் அதுவும் நல்லதே: அந்த இரு கோடுகளும் நீங்கள் தாண்டக் கூடாத எல்லைகள். அலகைக் கிளாம்பில் இறுக்கி, இரு பக்கமும் மாறி மாறி, ஒரே கோணத்தில் அராவி, வாய் சுமார் 1 மி.மீ. கனத்தில் இருக்கும்போது நிறுத்துங்கள். இதைவிட மெல்லியதாக்கினால் துவைச்சலில் வாய் அலை அலையாக நெளியும், சிலவேளை வெடிக்கவும் செய்யும்.

துவைச்சல்

பட்டறைகளில் துவைச்சல் என்று சொல்லப்படும் இந்த வேலையைப் பொழுது சாயும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேலூர் வெயிலில் எஃகின் நிறத்தைக் கண்டுபிடிக்க முடியாது. உயரமான இரும்புப் பாத்திரத்தில் 3 லிட்டர் கடலை எண்ணெயை 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்கி வையுங்கள். பழைய என்ஜின் ஆயிலும் வேலை செய்யும் என்று சிலர் சொல்வார்கள். அதன் புகை நெஞ்சுக்குக் கேடு என்பதால் நான் அதைத் தொடுவதில்லை. பக்கத்தில் ஒரு இரும்பு மூடியும் ஒரு வாளி மணலும் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் எண்ணெய் சில சமயம் பற்றிக்கொள்ளும், எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கரி உலையில் காற்றை மெதுவாக விட்டு, அலகின் முதுகைக் கீழாக வைத்துச் சீராகக் காய்ச்சுங்கள். மெல்லிய நுனி முந்திச் சிவக்கும். அதை அடிக்கடி நெருப்புக்கு வெளியே இழுத்து, தடித்த பகுதி வந்து சேரக் காத்திருக்க வேண்டும். நீண்ட கம்பியில் கட்டிய காந்தத்தை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 770 டிகிரியில் எஃகு காந்தத்தை விட்டுவிடும். அது போதாது, அங்கிருந்து நிறம் இன்னும் ஒரு படி ஏறி, அடர் சிவப்பு கழிந்து ஆரஞ்சின் சாயல் தட்டும்போது வெப்பம் சுமார் 850 டிகிரியை எட்டியிருக்கும். உடனே குறட்டால் எடுத்து, நுனி கீழாக நேராக எண்ணெயில் இறக்கி, வெட்டும் திசையில் மட்டும் முன்னும் பின்னும் அசையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் ஒரு பக்கம் முந்தி ஆறி அலகு வளைந்துவிடும்.

கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் எண்ணெயைத் துடைத்து, புது அரத்தால் வாயை உரசிப் பாருங்கள். அரம் கடிக்காமல் கண்ணாடியின் மேல் போவதுபோல் வழுக்கினால் எஃகு இறுகிவிட்டது. கடித்தால் மறுபடியும் காய்ச்ச வேண்டியதுதான். இறுகிய அலகு இந்த நிலையில் கீழே விழுந்தால் உடைந்துபோகும், ஆகவே மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல் வீட்டு ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மீண்டும் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஓவனின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைப்பது நல்லது. தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் படர்ந்தால் சரியான பதம். நீலம் தெரிந்தால் கூர் நிற்காது. இதற்குப் பிறகு கிரைண்டரில் வைக்கும் ஒவ்வொரு முறையும் அலகைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். 120-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 400-ஆம் எண் வரை தேய்த்து முடிக்கலாம்.

பிடி

புளி, வாகை, நூக்கம் ஆகிய மரங்களின் நன்கு காய்ந்த பலகைகள் போதும். ஜவ்வாது மலைச் சந்தனம், செம்மரம் என்று யாராவது மலிவாகக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள்; உரிய அனுமதிச் சீட்டு இல்லாத கட்டையை ஒரு கத்திப்பிடிக்காக வாங்கி வனத்துறை வழக்கில் சிக்க வேண்டியதில்லை. இரண்டு பலகைகளையும் அரால்டைட் பூசி, 4 மி.மீ. பித்தளைக் கம்பிகளை ஆணியாகச் செருகி, ஒரு நாள் முழுக்கக் கிளாம்பில் விடுங்கள். சித்திரை வெயிலில் பசை சீக்கிரம் இறுகத் தொடங்கும், எனவே எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே கலக்க வேண்டும். வரைபடத்தில் குறித்த புடைப்பையும் இடுங்கலையும் மறக்காமல் செதுக்குங்கள்.

உறை

தோல் வாங்க ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம் பக்கத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்தத் தோல் என்பதில்தான் கவனம் வேண்டும். செருப்புக்கும் பைக்கும் போகும், குரோமிய உப்பால் பதனிட்ட குரோம் தோல் மென்மையானது, நனைத்து அழுத்தினாலும் வடிவத்தில் நிற்காது; அதில் தங்கும் உப்புகள் அலகையும் துருப்பிடிக்க வைக்கும். என் முதல் உறை அந்தத் தோல்தான். உறைக்கு வேண்டியது ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்ட, 3 மி.மீ. கனமுள்ள மாட்டுத்தோல். வெட்டு விளிம்பைப் பாருங்கள்: நடுவில் நீலச்சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம், முழுக்கப் பழுப்பாக இருந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் உறிஞ்சிக் கறுத்தால் நமக்கு வேண்டிய தோல்.

வார்ப்பை வரைபடத்திலிருந்து எடுக்காமல், முடிந்த கத்தியிலிருந்தே எடுக்க வேண்டும். தடித்த தாளை மடித்து, மடிப்பில் முதுகு படியும்படி கத்தியை வைத்து, தாளைச் சுற்றி அழுத்திக் கிளிப் போட்டு, விளிம்பைப் பென்சிலால் தடவினால் உருவம் பதியும். அதற்கு வெளியே 12 மி.மீ. விட்டு வெட்டுங்கள். பெல்ட் வளையத்தை, தோலை மடிப்பதற்கு முன்பே, இடுப்பை ஒட்டி வரும் பக்கத்தில் தைத்துவிட வேண்டும். பிறகு ஊசி உள்ளே போகாது.

கத்தியின் வாய்ப்பக்கம் வரும் விளிம்புக்கு, அதே தோலில் 10 மி.மீ. அகலமான இடைப்பட்டை ஒன்றை வெட்டி, இரு தோல்களுக்கும் நடுவே வைத்து ஒட்டுங்கள். கத்தியின் கூர் இந்தப் பட்டையில்தான் உரசும். பட்டை இல்லாவிட்டால் சில மாதங்களில் நூலையே அறுத்துவிடும். விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே கோடு கிழித்து, 4 மி.மீ. இடைவெளியில் துளைகள் போட்டு, தையல் நீளத்தைப்போல் எட்டு மடங்கு நூலுக்குத் தேன்மெழுகு தடவி, இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிராகக் கடக்கும்படி தையுங்கள். முடிவில் மூன்று தையல் பின்னோக்கி வந்து வெட்டிவிடலாம், முடிச்சு தேவையில்லை.

இனி வடிவம் பதித்தல். கத்தியை எண்ணெய் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூன்று சுற்று இறுகச் சுற்றுங்கள். உறையைக் குடிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். நம் ஊர்ப் போர் தண்ணீர் உப்பு மிகுந்தது என்பதால் காய்ந்ததும் தோலில் வெள்ளை பூக்கும். நனைந்த உறைக்குள் கத்தியைத் தள்ளி, பிடியின் புடைப்பைச் சுற்றியும் அதன் பின்னுள்ள இடுங்கலிலும் கரண்டிக் காம்பின் உருண்டை முனையால் அழுத்தி அழுத்தித் தேயுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துக் கத்தியை உருவிவிட்டு, உறையை நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் தோல் சுருங்கி, விளிம்பில் வெடிக்கும். காய்ந்த விளிம்பை உப்புத்தாளால் சமன் செய்து, ஈரம் தொட்டு வழவழப்பான மரக்கட்டையால் பளபளக்கும்வரை தேய்த்து, மேலே தேன்மெழுகு பூசுங்கள்.

கூர் தீட்டுவதைக் கடைசிக்கு வைத்திருப்பது கை தப்பினால் வெட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான். பக்கத்துக்கு 20 டிகிரி கோணத்தில் தண்ணீர்க் கல்லில் தீட்டுங்கள். பிறகு கத்தியை உறையில் போட்டு, மெத்தையின் மேல் தலைகீழாகப் பிடித்து லேசாக உதறுங்கள். நழுவினால், உறையின் வாயை மட்டும் மறுபடியும் நனைத்து இடுங்கலில் அழுத்தினால் சரியாகிவிடும். வேலை முடிந்ததும் அலகைத் துடைத்து, எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வையுங்கள்: கடுக்காயையும் அன்னபேதியையும் (இரும்பு சல்பேட்) சேர்த்து மை காய்ச்சியவர்களுக்குத் தெரிந்ததுபோல், தோலைப் பதனிட்ட மரப்பட்டையின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் கறுப்புக் கறை படியும், அது அலகிலும் படியும், உறையின் உட்புறத்திலும் படியும்.