துப்பாக்கிக் கவுண்டருக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

முதல் நாள் வாங்கப் போகாதீர்கள், பார்க்கப் போங்கள். ஆஸ்டினில் என்னிடம் துப்பாக்கி பற்றிக் கேட்கிற நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் நான் சொல்கிற முதல் வார்த்தை இதுதான். பர்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும் சரி. ஒரு முழுக் காலைப் பொழுதைக் கொடுத்து, நாலைந்து துப்பாக்கிகளைக் கையில் வாங்கிப் பார்த்து, வெறுங்கையோடு திரும்பி வருவதுதான் முதல் நடையின் வேலை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், நானும் ஒன்றும் தெரியாமல் போய் நின்றவள்தான். சத்தியமங்கலம் பக்கத்தில் எங்கள் வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஒற்றைக்குழல். கடலைக்காட்டில் பன்றி இறங்கினால் அப்பா அதை எடுத்துக்கொண்டு போய் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பார். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வருவார். கல்யாணமாகிக் கிளம்பும் வரை அந்த வீட்டில் இருந்தும் அதை ஒருநாள்கூட நான் தொட்டதில்லை. டெக்சாஸ் வந்து பதினெட்டு வருடம் கழித்து, கூட வேலை பார்க்கும் ஒருவரின் பண்ணையில் அதே பன்றி, அதே மாதிரி உழுது போட்ட நிலத்தைப் பார்த்தபோதுதான் கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றியது.

கிளம்புவதற்கு முன் ஒரு விஷயம். நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள்? குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இருந்தால் கவலையில்லை. எச்1பி (வேலை), எஃப்1 (மாணவர்), சுற்றுலா விசா போன்றவற்றில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். சில விலக்குகள் உண்டு. அவற்றில் நமக்குப் பொருந்தக்கூடியது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். அது இல்லாமல் வேலை விசாவில் இருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது: கடைக்குத் தாராளமாக வாருங்கள், கண்ணால் பாருங்கள், கவுண்டரில் நீட்டினால் கையில் வாங்காதீர்கள். 'வைத்திருத்தல்' என்று சட்டம் சொல்வதற்குள் எதெல்லாம் அடங்கும் என்று விசாவைப் பணயம் வைத்துச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் மாமியாருக்கும் இதே பேச்சுதான்.

நான் போவது பியூடாவில் இருக்கும் கபேலாஸ் என்ற பெரிய வேட்டை, மீன்பிடிச் சாமான் கடை. ஆஸ்டினிலிருந்து 35ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போனால் சாலையோரமே தெரியும். கபேலாஸ் 1961இல் நெப்ராஸ்காவில் மீன் தூண்டிலில் கட்டும் செயற்கைப் பூச்சிகளைத் தபாலில் விற்று ஆரம்பித்த கடை. 2017இல் மிசௌரியின் பாஸ் ப்ரோ ஷாப்ஸ் அதை வாங்கிவிட்டது. இரண்டு பெயரில் எது உங்கள் ஊரில் இருந்தாலும் உள்ளே நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான்.

செவ்வாய் அல்லது புதன், காலை பத்து பத்தரைக்குப் போய்விடுங்கள். சனி ஞாயிறு வேண்டாம். அக்டோபர் கடைசி வாரம் வேண்டவே வேண்டாம். டெக்சாஸில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பொதுப் பருவம் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும், அதற்கு முன் கவுண்டரில் நிற்க இடம் இருக்காது, உங்களோடு நின்று பேசவும் யாருக்கும் நேரம் இருக்காது.

உடையில் ஒன்றே ஒன்று. வளையல், மோதிரம், உலோகப் பட்டை போட்ட கடிகாரம் எல்லாவற்றையும் காரிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். துப்பாக்கியின் வால்நட் மரக் கட்டையில் (தோளில் பதியும் பின்பகுதி) விழுந்த கீறல் போகாது. என் கையில் கண்ணாடி வளையல் குலுங்குவதைப் பார்த்துவிட்டு ஒரு விற்பனையாளர் துப்பாக்கியை நீட்டத் தயங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் தயங்கியது நியாயம்தான்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு துப்பாக்கி இருந்து, அதற்கு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டவோ விற்கவோ எடுத்துப் போகிறீர்கள் என்றால், தோட்டா எதுவும் இல்லாமல், உறையில் போட்டு, வாசலில் இருக்கும் ஆளிடம் முதலில் காட்டுங்கள். அவர்கள் பார்த்து அடையாளச் சீட்டு மாட்டிய பிறகுதான் உள்ளே.

உள்ளே நுழைந்ததும் நேராகத் துப்பாக்கிப் பக்கம் ஓடாதீர்கள். நடுவில் ஒரு செயற்கை மலை, அதன் மேல் பாடம் செய்து நிறுத்திய மிருகங்கள். அதைச் சுற்றி ஒரு நடை நடங்கள். டெக்சாஸ் கடைகளின் சுவர்களில் கொஞ்சம் தேடினால் நம் புள்ளிமானைப் பார்த்துவிடலாம். 1930களில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து விட்ட மான், இப்போது டெக்சாஸின் நடுவே உள்ள ஹில் கன்ட்ரி மலைப்பகுதி முழுக்கப் பெருகிக் கிடக்கிறது. இங்கே அதை ஆக்சிஸ் என்பார்கள். முதல் தடவை அதன் கீழே ரொம்ப நேரம் நின்றேன். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிள் (ஒரு தடவைக்கு ஒற்றைக் குண்டு போகும் நீளத் துப்பாக்கி), ஷாட்கன் (பெரும்பாலும் சிறு குண்டுகளைச் சிதறவிடும் நீளத் துப்பாக்கி), தோட்டா எல்லாவற்றுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம் வரி. தயாரிப்பாளர் கட்டும் அந்தப் பணம் வன விலங்குப் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்குப் போகிறது. இந்த நாட்டில் காட்டை நேசிக்கிறவர்களும் வேட்டைக்காரர்களும் பல சமயம் ஒரே ஆட்கள்தான் என்பது எனக்கு இங்கே வந்து புரிந்த விஷயம்.

சரி, கவுண்டருக்கு வருவோம். கூட்டம் இருந்தால் டோக்கன் கிழிக்க வேண்டியிருக்கும், பேங்க் மாதிரி. உங்கள் எண் வரும்வரை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் விலைச் சீட்டுகளைப் படியுங்கள். முறை வந்ததும் முதல் வாக்கியத்திலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள்: இன்று வாங்கவில்லை, கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன், இன்ன காரியத்துக்கு வேண்டும். அந்த 'இன்ன காரியம்' ரொம்ப முக்கியம். பன்றிக்கா, மானுக்கா, தகரத் தட்டைச் சுட்டுப் பழகவா, வீட்டுக் காவலுக்கா என்று நீங்களே தெளிவாக இல்லாவிட்டால் அவர் எதை எடுத்துத் தருவார்?

நகைச்சுவைக்காகக்கூட யாரையாவது சுடப்போவதாகப் பேச்சு வேண்டாம். எதிரில் நிற்பவருக்கு விற்பனையை மறுக்கும் உரிமை உண்டு, மறுப்பதுதான் அவர் கடமை.

எண்களைப் பார்த்து மிரளாதீர்கள். ஷாட்கனில் 12, 20 என்று போட்டிருப்பதை கேஜ் என்பார்கள். குழலின் உள் அகலத்துக்குச் சரியாக ஈயக் குண்டு வார்த்தால், ஒரு பவுண்டுக்கு எத்தனை குண்டு நிற்கும் என்பது அந்தக் கணக்கு. 12 குண்டு நின்றால் 12 கேஜ். அதனால்தான் எண் சின்னதாகச் சின்னதாகக் குழல் பெரிதாகிறது. 12 கேஜ் சுமார் 18.5 மில்லிமீட்டர், 20 கேஜ் சுமார் 15.6. ரைஃபிளில் கணக்கு வேறு. .22, .308 என்பவை குண்டின் குறுக்களவைத் தோராயமாக அங்குலத்தில் சொல்கின்றன. .30-06இல் கடைசி 06 என்பது 1906ஆம் வருடம். இதற்கு மேல் முதல் நாளில் தேவையில்லை.

நான் எடுத்துக் காட்டச் சொல்வது மூன்று. ரூகர் 10/22, 1964 முதல் வருகிற சின்ன ரைஃபிள், சுடும்போது தோளில் உதை கிட்டத்தட்ட இல்லை, தோட்டா மலிவு, பழகுவதற்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. அடுத்து ரெமிங்டன் 870 அல்லது மாஸ்பெர்க் 500, இழுத்துத் தள்ளும் பம்ப் ஷாட்கன், 20 கேஜில். மூன்றாவது .243 அல்லது 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா போடும் ஏதாவது ஒரு போல்ட் ரைஃபிள், அதாவது ஒவ்வொரு தடவையும் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுவது.

இப்போது கையில் வாங்கும் விதம். இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

விற்பனையாளர் துப்பாக்கியை எடுத்ததும் தோட்டா அறையைத் திறந்து தான் பார்ப்பார், பிறகு உங்களுக்குக் காட்டுவார். அவர் பார்த்துவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள். நீங்களும் குனிந்து பாருங்கள், விரல் நுனியை விட்டுத் தடவியும் பாருங்கள். தப்பாக நினைக்க மாட்டார், மதிப்பு கூடும். வாங்கும்போது ஆள்காட்டி விரல் விசைக்கு வெளியே, கட்டையோடு ஒட்டி நீட்டமாக இருக்கட்டும். குழல்வாய் மேலே கூரையைப் பார்த்து. பக்கத்தில் நிற்பவர் மேல் ஒரு நொடிகூட அது போகக் கூடாது, காலியாக இருந்தாலும் கூடாது.

நான் இதில் தவறினேன். முதல் தடவை ஒரு ஷாட்கனைக் கையில் வாங்கிக்கொண்டு, தள்ளி நின்ற கணவரிடம் ஏதோ கேட்கத் திரும்பினேன். என்னோடு குழலும் திரும்பியது. பக்கத்தில் ஒரு பெரியவர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேரன். கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கையை நீட்டிக் குழலை மெல்ல மேலே தூக்கினார். அந்தக் குழந்தையின் முகம் இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: கையில் துப்பாக்கி இருக்கும்போது யாரிடமாவது பேச வேண்டுமென்றால், முதலில் அதைக் கவுண்டரில் வைத்துவிடுவேன், அப்புறம்தான் திரும்புவேன்.

தோளில் வைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள், எந்தத் திசையில் குறி வைக்கலாம் என்றும் கேளுங்கள். பெரும்பாலும் உயரே சுவரில் மாட்டிய மான் தலையைக் காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கியைத் தூக்கித் தோளில் பதித்து, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, பிறகு கண்ணைத் திறங்கள். குழலின் நீளம் முழுக்க நேர்கோடாகத் தெரிந்தால் அது உங்கள் அளவு. கழுத்தை நீட்டியோ மூக்கைச் சுருக்கியோ தேட வேண்டியிருந்தால் உங்கள் அளவு இல்லை. நம் பெண்கள் பலருக்கும், உயரம் குறைந்த ஆண்களுக்கும், வழக்கமான கட்டை நீளமாக இருக்கும். தோளிலிருந்து நழுவிக் கைக்கு வரும், சுட்டால் அங்கே நீலம் பாய்ந்துவிடும். 'யூத்' அல்லது 'காம்பாக்ட்' என்று குட்டைக் கட்டை போட்டது கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னுடையதும் அதுதான். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருங்கள். கை நடுங்கினால் எடை அதிகம்.

எந்தக் கண் வலுவான கண் என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொண்டு போங்கள். இரண்டு கையையும் நீட்டிச் சேர்த்து நடுவே சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகத் தூரத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அது. எனக்கு வலக்கை, ஆனால் இடக்கண். இதைச் சொன்னதும் விற்பனையாளர் எனக்கு எடுத்துத் தந்த துப்பாக்கியே மாறிவிட்டது.

விசையை இழுத்துப் பார்க்க ஆசையாக இருக்கும். கேட்காமல் இழுக்காதீர்கள். பழைய .22 துப்பாக்கிகளில் தோட்டா இல்லாமல் விசை தட்டினால், தோட்டாவை அடிக்கும் ஊசி தோட்டா அறையின் விளிம்பில் இடித்துக் கெட்டுப்போகும்.

பல கபேலாஸ் கடைகளில் 'கன் லைப்ரரி' என்று தனி அறை உண்டு. பழையவை, அரியவை அங்கே. மரவாடையும் எண்ணெய் வாடையும் கலந்து வரும். 1894 மாடல் வின்செஸ்டர் ரைஃபிள் ஒன்று இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள், ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. விசையை ஒட்டி இருக்கும் நெம்புகோலைக் கீழே தள்ளும்போது உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக இரும்புத் துண்டுகள் நகர்வது விரலுக்கே தெரியும். கருநீலம் ஏற்றிய இரும்பில் வியர்வைக் கை படாமல் மரத்தில் பிடியுங்கள்.

எல்லா இடத்திலும் நல்ல ஆட்களே கிடைப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். வேறொரு கடையில் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என் கணவரைப் பார்த்தே ஒருவர் பதில் சொன்னார். அப்படி நடந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த டோக்கன் எடுங்கள். வேறு ஆள் வருவார்.

வாங்கும் நாளில் என்ன நடக்கும் என்பதையும் அன்றே கேட்டு வையுங்கள். 4473 என்று ஒரு மத்திய அரசுப் படிவம், வாங்குகிறவர் நிரப்ப வேண்டும். ரைஃபிள், ஷாட்கனுக்கு 18 வயது, கைத்துப்பாக்கிக்கு 21. எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சோதனை 1998 முதல் இருக்கிறது, பல சமயம் சில நிமிடத்தில் பதில் வந்துவிடும். நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அப்பா பெயரோ கணவர் பெயரோ கடைசிப் பெயராக ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு இடத்தில் வேறு மாதிரியும் இருக்கும். ஓட்டுநர் உரிமத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும், கிரீன் கார்டு என்றால் ஏ எண்ணும் (குடியேற்றத் துறை கொடுத்த எண்) வேண்டும். இன்னொன்று, நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கித் தராதீர்கள். முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் உறவினருக்காகத் தன் பெயரில் வாங்கினார். அந்த உறவினருக்கும் வாங்கத் தகுதி இருந்தது. அப்படியும் குற்றம்தான் என்று 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் காசில் வாங்கி மனமாரப் பரிசு கொடுப்பது வேறு, அதற்குத் தடையில்லை.

கிளம்பும் முன் இரும்புப் பெட்டிகள் இருக்கும் வரிசைக்குப் போய் விலை பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கையில் தோட்டா போட்ட துப்பாக்கி எட்டும்படி அலட்சியமாக விட்டு, பிள்ளைக்கு அது கிடைத்துவிட்டால் அப்படி விட்டவர் மேல் வழக்கு. நான் முதலில் பெட்டியை வாங்கினேன். அது மூன்று மாதம் வீட்டில் காலியாகவே இருந்தது. சாவி எங்கே, யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்பதெல்லாம் அந்த மூன்று மாதத்தில் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது.

காருக்கு வந்ததும், மறப்பதற்குள், பிடித்துப் பார்த்த ஒவ்வொன்றின் பெயர், கேஜ், விலை, தோளில் எப்படி உட்கார்ந்தது என்று போனில் எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த நடை கடைக்கு அல்ல, வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்கு. அந்தப் பட்டியலில் முதல் இரண்டைச் சுட்டுப் பாருங்கள். காதடைப்பான் அங்கேயே தருவார்கள், கழுத்து மூடிய சட்டை மட்டும் போட்டுக்கொண்டு போங்கள். வெளியே தெறிக்கும் சுடு தோட்டா ஓடு கழுத்து வழியே உள்ளே விழும்.