பிள்ளைகள் இணையத்தில் படிக்கும்போது பெற்றோர் செய்யும் தவறுகள்

என் மகள் சிங்கப்பூரில் தொடக்கநிலை ஐந்தில் படித்தபோது தமிழ்க் கட்டுரை ஒன்றில், "நான் என் பாட்டியை இழக்கிறேன்" என்று எழுதியிருந்தாள். பாட்டி தஞ்சாவூரில் நலமாகத்தான் இருந்தார். 'மிஸ்' என்று ஆங்கிலத்தில் நினைத்ததை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, வந்ததை அப்படியே எழுதிவிட்டாள். "பாட்டி ஊருக்குப் போனதும் உனக்கு எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டேன். "பாட்டி ஞாபகமாவே இருந்துச்சு" என்றாள். அவ்வளவு அழகான வாக்கியம் அவளிடமே இருந்திருக்கிறது. அதை எடுக்க நான்தான் நேரம் கொடுக்கவில்லை. எது கேட்டாலும் "கூகலில் பார்" என்று பழக்கியது நான்தானே.

யோசிக்கும் முன்பே தேடச் சொல்வதைத்தான் முதல் தவறு என்பேன். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் முழுக் கட்டுரையையே எழுதித் தருவதால் இதில் இன்னும் கவனம் வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: முதலில் வாயால் சொல், பிறகு தாளில் எழுது, கடைசியில் சந்தேகமான சொல்லை மட்டும் தேடு. பிழையோடு எழுதினாலும் பரவாயில்லை. பிழை இருந்தால்தான் ஆசிரியருக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்று தெரியும்.

இதற்காக இணையமே வேண்டாம் என்று முடிவெடுப்பதும் தவறுதான். 2020 ஏப்ரலில் நோய்ப்பரவலால் பள்ளிகள் எல்லாம் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறியபோது, பாடம் நின்றுபோகாமல் காத்தது, கல்வி அமைச்சின் மாணவர் கற்றல் தளமான எஸ்எல்எஸ் போன்ற இணையத் தளங்கள்தான். அடுத்த ஆண்டுக்குள் உயர்நிலை மாணவர் அனைவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் வந்துவிட்டது. இனி அதைப் பிடுங்கி வைக்க முடியாது. எத்தனை மணி நேரம் பார்த்தாய் என்று மட்டும் கேட்காமல், என்ன பார்த்தாய், எனக்கும் கொஞ்சம் சொல்லு என்று கேளுங்கள்.

வாய்மொழித் தேர்வுக்குப் பெற்றோர் சிலர் யூடியூபில் மாதிரி விடைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். தேர்வில் ஒரு காணொளியைக் காட்டி அதைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். தேர்வாளர் அடுத்து ஒரு கேள்வி கேட்டால் மனப்பாடம் அங்கேயே நின்றுவிடும். அதற்கு, சாப்பிடும்போது ஏதாவது ஒரு காணொளியைப் பற்றித் தமிழில் பத்து நிமிடம் பேசினாலே போதும்.

குறிப்புகளை ஒரே சாதனத்தில் வைப்பது இன்னொரு தவறு. 2024 ஆகஸ்டில், மாணவர் சாதனங்களை நிர்வகிக்கும் செயலி ஊடுருவப்பட்டு, 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 பேரின் சாதனங்களில் இருந்தவை அழிக்கப்பட்டன. தேர்வு நேரத்தில் குறிப்பு போனால் பிள்ளை எவ்வளவு பதறும்! முக்கியமானதை நோட்டுப் புத்தகத்திலும் எழுதச் சொல்லுங்கள். கையால் எழுதியது மனத்திலும் நன்றாக நிற்கும்.

அப்புறம், தமிழ் என்று தட்டினால் முதலில் வருவதையே எடுத்துக்கொள்வது. தமிழ்நாட்டுத் தளத்தில் 'கல்வி அமைச்சகம்' என்று இருக்கும், நம் பிள்ளை படிப்பது 'கல்வி அமைச்சு'. இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் குழந்தை குழம்பிவிடும். நம் ஊர்த் தமிழ் இணையத்தில் இல்லாமலும் இல்லை. 1965க்குப் பிறகான ஐம்பது ஆண்டுகளில் இங்கு வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்கள் பலவற்றை மின்னூலாக்கி, 2015இல் தேசிய நூலக வாரியத்தின் வழியாகத் தந்தார்கள். எத்தனையோ தொண்டூழியர்கள் பிழை திருத்திக் கொடுத்த உழைப்பு அது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்களையும் வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தேடலாம். பள்ளித் திட்டப்பணி வரும்போது, பிள்ளையோடு உட்கார்ந்து தாத்தா காலத்துச் செய்தி ஒன்றை அங்கே தேடிப் பாருங்கள். அந்தத் தளத்தில் சில நாளிதழ்களை நூலகத்துக்குப் போனால்தான் படிக்க முடியும். அப்படி இருந்தால் சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போய்வாருங்கள்.