பார்மக்காலஜிய பாட்டியோட மருந்துப் பையிலேர்ந்து ஆரம்பிங்க

பீடோங், சுங்கை லாலாங், சுங்கை பட்டாணி பக்கத்துலேர்ந்து பார்மசி, பயோமெடிக்கல், நர்சிங்னு படிக்கப் போன தம்பி தங்கச்சிங்க எல்லாரும் பார்மக்காலஜி, அதாவது மருந்து ஒடம்புல எப்படி வேல பாக்குதுங்கற பாடம், அதப் பத்தி ஒரே கேள்விதான் கேக்குறாங்க, இவ்ளோ மருந்துப் பேர எப்படிக்கா ஞாபகம் வச்சிக்கிறது, சிலைடுல முந்நூறு பேர் இருக்கு டெஸ்ட்டு அடுத்த வாரம்னு. ஞாபகம் வச்சிக்கப் பாக்காதீங்க, அதான் என் பதில். ஒடம்புல எந்த எடத்துல போய் ஒக்காருது, அங்க ஒக்காந்தா என்ன நடக்கும், இது ரெண்டும் புரிஞ்சா எதுக்குக் குடுக்குறாங்க, என்ன சைட் எஃபெக்ட் வரும், யாருக்குக் குடுக்கக்கூடாதுன்னு முக்காவாசிய நீங்களே சொல்லிடுவீங்க. மிச்சம் காவாசிய மனப்பாடம் பண்ணித்தான் ஆகணும், அத மறைக்க மாட்டேன்.

எங்க ஆரம்பிக்கிறதுன்னா, வார லீவுல வீட்டுக்கு வர்றீங்கல்ல, பாட்டிகிட்டயோ பெரியப்பாகிட்டயோ கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் அரசாங்க கிளினிக்ல, குடுத்த மருந்துப் பைய கேட்டு வாங்குங்க. நம்ம பக்கத்துல எந்த வீட்டுலயும் அந்தப் பை இருக்கும், இனிப்புநீர் இல்லன்னா ரத்தக் கொதிப்பு இல்லன்னா ரெண்டும். இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின், ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின், பெரிண்டோப்ரில், கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின், இந்த நாலு இருந்தாலே கார்டியோ எண்டோக்ரின் சாப்டர் ரெண்டுலயும் பாதி வந்துரும். ஒரு மருந்துக்கு ஒரு பக்கம் போடுங்க. மேல பேரு, எந்தக் குடும்பம், எந்த ரிசப்டர் (செல்லுல மருந்து போய் ஒட்டுற எடம்) இல்லன்னா எந்த என்சைம் (ஒடம்புக்குள்ள வேதி வேல பாக்குற புரதம்). நடுவுல அம்புக்குறி போட்டு என்ன கூடுது என்ன குறையுது. கீழ சைட் எஃபெக்ட், ஆனா சும்மா லிஸ்ட்டா எழுதாம ஒவ்வொண்ணுக்கும் "ஏன்"னு ஒரு வரி. ஏன்னு எழுத முடியலன்னா அதுக்கு ஒரு ஸ்டார் போட்டு வைங்க, அந்த ஸ்டார் போட்டது மட்டுந்தான் மனப்பாடக் கணக்கு.

பெரிண்டோப்ரில எடுங்களேன். பாட்டிக்கு வறட்டு இருமல் இருந்தா உடனே கேளுங்க, இந்த மாத்திர ஆரம்பிச்ச பெறகா வந்துச்சின்னு. பெரிண்டோப்ரில் அடைக்கறது ஏசிஇங்கிற என்சைம. அது ரெண்டு வேல பாக்குது, ஆஞ்சியோடென்சின் 1ஐ ரத்தக் கொழாய இறுக்குற ஆஞ்சியோடென்சின் 2ஆ மாத்துது, அதோட பிராடிகைனின்ங்கிற இன்னொரு சரக்க ஒடைக்குது. என்சைம நிறுத்துனா பிரஷர் எறங்குது, ஆனா பிராடிகைனின் ஒடையாம சேந்து போய் இருமல் வருது. லோசார்ட்டான்ங்கிற இன்னொரு பிரஷர் மருந்துல இந்த இருமல் ஏன் ரொம்ப கம்மின்னு யாரும் சொல்லித்தர வேணாம், அது ஆஞ்சியோடென்சினோட ரிசப்டர்லதான் ஒக்காருது, என்சைம தொடறதே இல்ல. இதுக்கு ஒரு கத இருக்கு, மறக்காம இருக்க உதவும். பிரேசில் நாட்டு ஜராராக்கா பாம்போட விஷத்துல பிராடிகைனின் வேலைய கூட்டுற ஒரு சரக்கு இருக்குன்னு 1960கள்ல செர்ஜியோ ஃபெரேய்ராங்கிறவரு கண்டுபிடிச்சாரு, அந்த வழியில போய்த்தான் பெரிண்டோப்ரில் குடும்பத்து கேப்டோப்ரில் வந்துச்சு, 1981ல அமெரிக்காவுல அனுமதி கெடைச்சுது. அப்ப இருமல் இந்த மருந்தோட பரம்பரையிலயே இருக்கு பாருங்க.

பாம்புன்னு சொன்னதும் நம்ம ஊர் பாம்பையும் சொல்லிடறேன். கித்தா மரத்தடியில சருகுக்குள்ள அசையாம கெடக்குமே ஊலார் காப்பாக் போடோ (மலாயன் பிட் வைப்பர்), அது கடிச்சவங்களுக்கு ரத்தம் உறையாம போறத பினாங்கு ஆஸ்பத்திரியில இருந்த டாக்டர் ரீட் 1960கள்ல கவனிச்சு எழுதுனாரு. விஷத்துல இருக்கற என்சைம் ஃபைப்ரினோஜென்ங்கிற ரத்தம் உறைய வேண்டிய புரதத்த தின்னு தீத்துடுது, அதுலேர்ந்து ஆன்க்ரோட்னு ஒரு மருந்தே எடுத்தாங்க. ஆண்டிகோவாகுலண்ட் (ரத்தம் உறையாம தடுக்குற மருந்து) சாப்டர் படிக்கறப்ப ஹெப்பாரின் ஆண்டித்ரோம்பின் வழியா போகுது, வார்ஃபரின் வைட்டமின் கே வழியா போகுது, இது நேரா ஃபைப்ரினோஜெனயே காலி பண்ணுதுன்னு மூணையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க, கிளாட்டிங் படம் தானா தெளிஞ்சிரும்.

அம்லோடிபின் சாப்பிடற பெரியப்பாவுக்கு கணுக்கால் வீங்கியிருக்கும். தண்ணி சேந்துருச்சின்னு நெனச்சு ஃபுரோசமைட் எழுதுனா எக்ஸாமினர் சிரிப்பாரு. வீக்கம் வர்றது சின்ன ரத்தக் கொழாய்ல உள்ள வர்ற பக்கம் மட்டும் விரியறதால, அழுத்தம் கூடி தண்ணி வெளிய கசியுது, ஒண்ணுக்குப் போக வைக்கிற மருந்து அதுக்கு சரியா கேக்காது. சிம்வாஸ்டாட்டின் ஏன் ராத்திரி, அட்டோர்வாஸ்டாட்டின் ஏன் எப்ப வேணா? ஹாஃப் லைஃப (ரத்தத்துல மருந்து பாதியா கொறைய ஆகற நேரம்) பாருங்க, விடை அங்கேயே இருக்கு. லேபிள்ல "செபெலும் மாக்கான்", அதான் சாப்பாட்டுக்கு முன்னாலன்னு போட்டிருந்தா அதையும் ஒரு கேள்வியா எடுத்துக்குங்க. ஒமெப்ரசோல் சாப்பாட்டுக்கு முன்னால ஏன்னா, சாப்பிடறப்பதான் வயித்துல ஆசிட் சுரக்கற பம்பு எல்லாம் முழிச்சுக்குது, முழிச்சிருக்கற பம்பத்தான் அது அடைக்கும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா. பைய பாக்குறது படிக்க, பாட்டிக்கு வைத்தியம் பண்ண இல்ல. ரெண்டு செமஸ்டர் படிச்சிட்டு இத நிப்பாட்டுங்க அத கொறைங்கன்னு சொல்லாதீங்க, ஏதாவது சந்தேகமா இருந்தா கிளினிக் பார்மசிஸ்ட்டுகிட்ட கூட்டிட்டுப் போங்க. அந்தப் பேர் போட்ட லேபிள படம் புடிச்சு கிளாஸ் வாட்சப் குரூப்ல போடறதும் வேணாம்.

அடுத்தது ஆட்டோனமிக், நாம நெனைக்காமலே தானா ஓடற ஒடம்பு வேலைய நடத்துற நரம்புங்க, எல்லாரும் அழற சாப்டர். ஆனா தோட்டத்துல வளந்தவங்களுக்கு இது கொஞ்சம் ஈசியா வரணும், ஏன்னா மருந்தடிக்கிற வேலைய நாம பாத்திருக்கோம். பூச்சிக்கு அடிக்கிற ஆர்கனோபாஸ்பேட் வகை, மாலத்தியான் மாதிரி, அது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ்ங்கிற என்சைம கட்டிப்போடுது. நரம்புலேர்ந்து சேதி கொண்டுபோற அசிட்டைல்கோலின் ஒடையாம குவியுது. அது ஒக்கார்ற ரிசப்டர் ரெண்டு வகை, மஸ்கரினிக், நிக்கோடினிக். அப்ப என்ன ஆகும்னு சிலைட மூடி வச்சிட்டு நீங்களே எழுதுங்க. மஸ்கரினிக் பக்கம் எச்சி, கண்ணீர், வேர்வ, வாந்தி, வயித்துப்போக்கு, கண்ணு மணி ஊசி மொன மாதிரி சுருங்கும், நெஞ்சுல சளி பொங்கும், நாடி எறங்கும். நிக்கோடினிக் பக்கம் தசை துடிக்கும், பெறகு தளந்து போகும், மூச்சு விடற தசையும் தளந்தா ஆள் போயிடும். இப்ப அட்ரோபின் குடுக்கறாங்க. அது மஸ்கரினிக்க மட்டுந்தான் அடைக்கும், அதனால சளி காயும், நாடி ஏறும், ஆனா தசைத் தளர்ச்சி அப்படியே இருக்கும், அதுக்குத்தான் என்சைம விடுவிக்கப் பாக்குற பிராலிடாக்சைம் தனியா, அதுவும் கட்டு எறுகிப்போறதுக்கு முன்னால. அட்ரோபின் போதுமான்னு பாக்க கண்ணு மணிய பாக்கறதில்ல, நெஞ்சு காஞ்சுதான்னு பாக்கறாங்க. இந்தக் கேள்வி பரீட்சைக்கும் வருது, வைவாவுலயும் வருது.

இந்த ஒரு கதைய சரியா புடிச்சா அகோனிஸ்ட் (ரிசப்டர முடுக்குறது), ஆண்டகோனிஸ்ட் (அடைக்கிறது), ரிவர்சிபல், இர்ரிவர்சிபல் எல்லாம் அதுக்குள்ளயே வந்துருது. பெறகு அதுலயே மத்ததெல்லாம் மாட்டுங்க. அதே என்சைம கொஞ்ச நேரம் மட்டும் புடிக்கிறது நியோஸ்டிக்மின், அதே என்சைம மூளையில புடிக்கிறது டொனெபெசில், அதான் மறதி நோய்க்கு. அதே மஸ்கரினிக்க நொரையீரல்ல அடைக்கிறது இப்ராட்ரோபியம் இன்ஹேலர், கொடல்ல அடைக்கிறது வயித்து வலிக்கு வாங்குற ஹையோசின். நாலையும் தனித்தனியா படிச்சா நாலு சுமை, இப்படிப் படிச்சா ஒண்ணுதான்.

ஆனா தோட்டத்து மருந்தெல்லாம் ஒரே வேல பண்ணுதுன்னு நெனச்சிராதீங்க. புல்லுக்கு அடிச்ச பாராக்குவாட் முழுக்க வேற கட்சி, அதுக்கும் கோலினெஸ்டரேசுக்கும் சம்பந்தமில்ல, அட்ரோபின் குடுத்து பிரயோஜனமில்ல. அது நொரையீரல்ல போய் சேந்து ஆக்சிஜன விஷமாக்கிக்கிட்டே இருக்கும், அதனாலதான் அதுல மாட்டுனவங்களுக்கு தாறுமாறா ஆக்சிஜன் குடுக்க யோசிப்பாங்க, மாத்து மருந்தும் கெடையாது. மலேசியாவுல 2002ல தட போட வேல ஆரம்பிச்சு, 2006ல தளத்தி, கடைசியா 2020 ஜனவரி 1லதான் முழுசா நிறுத்துனாங்க. டாக்சிகாலஜி (விஷங்களப் பத்தின பாடம்) அசைன்மெண்ட்டுக்குத் தலைப்பு தேடி அலையறவங்க இத எடுக்கலாம், நம்ம வீட்டு அம்மாமாருங்க முதுகுல டேங்க் சொமந்த விஷயம், எழுதறதுக்கு உசுரு இருக்கும்.

பேர் குழப்பம் பத்தி சுருக்கமா. யூடியூப்ல அமெரிக்காக்காரங்க அசிட்டமினோஃபென், அல்புட்டெரோல், எபிநெஃப்ரின்னு சொல்றது நமக்கு பாராசிட்டமோல், சால்புட்டமோல், அட்ரினலின், நோட்டுல நம்ம பேரையே எழுதுங்க. வால வச்சு குடும்பத்த கண்டுபிடிக்கறது நல்ல பழக்கம், ப்ரில், சார்ட்டான், டிபின், ஸ்டாட்டின். ஆனா "ஓல்"னு முடிஞ்சதெல்லாம் பீட்டா பிளாக்கர் (பீட்டா ரிசப்டர அடைக்கறது) இல்ல, சால்புட்டமோல் பீட்டா ரிசப்டர முடுக்குறது, நேர் எதிரி. "அசோல்" இன்னும் மோசம், ஒமெப்ரசோல் வயித்துக்கு, ஃபுளூகோனசோல் பூஞ்சைக்கு, கார்பிமசோல் தைராய்டுக்கு, அரிபிப்ரசோல் மனநோய்க்கு.

கணக்கு வந்தா பாதிப் பேர் பேனாவ வச்சிடறாங்க. கணக்கு இல்ல அது, நாலே நாலு வரி. 80 கிலோ மாமா ஒருத்தருக்கு மூச்சு எளைப்பு, ஊசி வழியா தியோஃபிலின் போடணும், ரத்தத்துல ஏற்கனவே இல்லன்னு வச்சுக்குவோம், லிட்டருக்கு 10 மில்லிகிராம் வேணும். வால்யூம் ஆஃப் டிஸ்ட்ரிபியூஷன் (ரத்தத்துல தெரியற அளவ வச்சு, மருந்து எவ்ளோ எடத்துல பரவியிருக்குன்னு போடற கணக்கு) கிலோவுக்கு 0.5 லிட்டர், அப்ப 40 லிட்டர். லோடிங் டோஸ் (மொதல்ல மொத்தமா போடறது) 40 × 10 = 400 மில்லிகிராம். கிளியரன்ஸ் (ஒடம்பு மருந்த கழிக்கிற வேகம்) மணிக்கு 3.2 லிட்டர்னா தொடர்ந்து ஓடவேண்டியது 3.2 × 10 = மணிக்கு 32 மில்லிகிராம். ஹாஃப் லைஃப் 0.693 × 40 ÷ 3.2, சுமார் 8.7 மணி நேரம், அஞ்சு ஹாஃப் லைஃப் போனா 97 சதவீதம் நெலைக்கு வந்துரும், அதாவது 43 மணி நேரம் கிட்ட, அதுவரைக்கும் காத்திருக்க முடியாதுன்னுதான் லோடிங் டோசே. கேள்வியில அமினோஃபிலின்னு போட்டிருந்தா ஒரு தந்திரம், அதுல 80 சதவீதந்தான் தியோஃபிலின், அதனால 400 ÷ 0.8 = 500. மாமா ரோக்கோ (சிகரெட்) புடிக்கிறவர்னா கல்லீரல் வேகமா கழிச்சிடும், டோஸ் கூட வேணும், ஆஸ்பத்திரியில படுத்து ரோக்கோ நிறுத்துனார்னா அளவு ஏறும். இந்தக் கடைசி வரிய எழுதுறவங்களுக்குத்தான் ஃபுல் மார்க்.

வால்யூம் 40 லிட்டர்னா ஒத்துக்கறீங்க, டிகாக்சின்ங்கிற இருதய மருந்துக்கு 70 கிலோ ஆளுக்கு 500 லிட்டர் கிட்ட வர்றப்ப குழம்பிடறீங்க. குழம்புல போட்ட உப்ப உருளக்கிழங்கு இழுத்துக்கிட்டா, சாற மட்டும் நாக்குல வச்சுப் பாக்கறவனுக்கு சட்டி ரொம்பப் பெருசுன்னுதான் தோணும். மருந்து தசையில போய் ஒட்டிக்கிச்சு, ரத்தத்துல கொஞ்சந்தான் இருக்கு, அவ்ளோதான் அர்த்தம். அதனாலதான் டிகாக்சின் கூடிப்போனா டயாலிசிஸ் உதவாது.

ஜீரோ ஆர்டருக்கு உதாரணம் கேட்டா சம்சுவ (சாராயம்) எழுதுங்க, தப்பே இல்ல. சாராயத்த ஒடைக்கிற என்சைம் சீக்கிரமே நெறஞ்சிடும், பெறகு எவ்ளோ குடிச்சாலும் மணிக்கு ஒரே அளவுதான் கழியும். வலிப்புக்குக் குடுக்குற ஃபெனிட்டோயினும் அதே ஜாதி, டோஸ கொஞ்சம் ஏத்துனா ரத்தத்துல எக்கச்சக்கமா ஏறும். கள்ளத்தனமா காய்ச்சுன சரக்குல மெத்தனால் கலந்திருந்தா அது ஃபார்மிக் ஆசிட்டாகி கண்ண பறிச்சிடும், அதுக்கு ஃபோமெபிசோல், இல்லன்னா எத்தனாலே மாத்து மருந்து, ரெண்டும் அதே என்சைமுக்குத்தான் போட்டி. காம்பெட்டிடிவ் இன்ஹிபிஷனுக்கு இதவிட நல்ல கத எனக்குத் தெரியாது.

ஸ்டீராய்டு சாப்டருக்கும் ஊர்லயே பாடம் இருக்கு. பசார் மாலம்ல (ராத்திரிச் சந்தை) முட்டி வலிக்குன்னு விக்கிற ஜாமு, அந்த நாட்டு மருந்த பாத்திருப்பீங்க, மூணு நாள்ல வலி பறந்துச்சின்னு சொல்வாங்க. பதிவு இல்லாத அந்த மாதிரி சரக்குல டெக்சாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு கலந்திருக்கறத சுகாதார அமைச்சு பல தடவ புடிச்சு அறிவிச்சிருக்கு. மொகம் உப்புறது, சர்க்கர ஏறுறது, திடீர்னு நிறுத்துனா அட்ரினல் சுரப்பி தூங்கிட்டதால மயங்கி விழறது, இத நெகடிவ் ஃபீட்பேக் படமா போட்டுப் பாருங்க. டப்பாவுல எம்.ஏ.எல் நம்பர் (மருந்துப் பதிவு நம்பர்) இருக்கான்னு பாக்கவும் பழகுங்க, எட்டு எண்ணுக்குப் பெறகு வர்ற எழுத்து டி (T) ன்னா பாரம்பரிய மருந்து, எக்ஸ் ன்னா சீட்டு இல்லாம வாங்கறது, ஏ ன்னா விஷப் பட்டியல்ல இருக்கறது.

பிராக்டிகல் ரிப்போர்ட்ல மார்க் போறது ரெண்டு எடத்துல. ஒண்ணு கிராஃப், டோஸ் அச்ச லாக் ஸ்கேல்ல போடாம கோடு வளஞ்சு போச்சின்னு புலம்பறது. ரெண்டாவது, கினிப்பன்றி கொடல்ல அசிட்டைல்கோலின் போட்டு வரைஞ்ச கோடு, அட்ரோபின் போட்ட பெறகு வலப்பக்கம் இணையா நகந்துச்சு, உச்சி கொறையலன்னு பாத்தும், அதனால இது காம்பெட்டிடிவ் (ஒரே எடத்துக்குப் போட்டி)ன்னு ஒரு வரி எழுதாம விட்டுடறது. உச்சி கொறைஞ்சிருந்தா வேற கத. இப்ப நெறைய எடத்துல கம்ப்யூட்டர் சிமுலேஷன்லயே இத பண்றாங்க, அப்பவும் 37 டிகிரி, ஆக்சிஜன் எதுக்குன்னு கேப்பாங்க, தெரிஞ்சு வைங்க.

பழைய கேள்வித்தாள கடைசி வாரத்துல தொறக்காதீங்க, சாப்டர் முடிஞ்ச அன்னிக்கே தொறங்க. தோட்டத்துப் பக்கம் லைன் கெடைக்காது, லெக்சர் வீடியோவ கேம்பஸ்லயே இறக்கிட்டு வாங்க, மாமாக் கடை வைஃபைய நம்பி வராதீங்க. எம்.சி.கியூல தப்பான மூணு விடையும் ஏன் தப்புன்னு ஓரத்துல எழுதிப் பழகுங்க, அடுத்த வருஷம் அந்த மூணுல ஒண்ணுதான் சரியான விடையா வரும்.