இரண்டு நிமிடம் மூச்சடக்க: ஃப்ரீடைவிங் முதல் பாடம்

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிக்க இறங்குபவருக்கு மேலே தோணியில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மைத்துனரிடம்தான் கொடுப்பார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். தங்கையின் தாலியை நினைத்தாவது கண்ணயர மாட்டாராம். சிங்கப்பூரில் ஃப்ரீடைவிங், அதாவது காற்றுக் கலன் இல்லாமல் மூச்சடக்கி மூழ்குவது, பழக வரும் உங்களுக்கும் முதலில் வேண்டியது அப்படி ஒரு துணைதான். ஃபின், மாஸ்க் எல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

மூச்சடக்கித் தண்ணீரில் முகம் கவிழ்த்து அசையாமல் மிதப்பதற்கு ஸ்டாட்டிக் என்று பெயர். அதில் 2 நிமிடம் இருப்பதுதான் நம் இலக்கு.

1. கட்டிலில் தொடங்குங்கள்

படுத்து, 2 நிமிடம் சாதாரணமாக மூச்சு விடுங்கள். பிறகு 1 நிமிடம் அடக்குங்கள். அடுத்தடுத்த சுற்றுகளில் அடக்கும் நேரம் மாறாது, ஓய்வு மட்டும் 1:45, 1:30, 1:15, 1:00 என்று குறையும். 1 நிமிடமே கடினமென்றால் 40 நொடியில் தொடங்குங்கள். இதைக் குளியல் தொட்டியிலோ தனியாகக் குளத்திலோ செய்யவே கூடாது.

2. வேக மூச்சு வேண்டாம்

புதியவர்கள் உயிருக்கே உலை வைத்துக்கொள்ளும் தவறு இது. மூச்சு முட்டும் உணர்வைத் தருவது உடம்பில் சேரும் கரியமில வாயு. வேகவேகமாக மூச்சு விட்டால் அது வெளியேறிவிடும். ஆக்சிஜனோ பெரிதாக அதிகரிக்காது, ஏனென்றால் ரத்தத்தில் ஏற்கெனவே அது கிட்டத்தட்ட நிறைந்திருக்கிறது. எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது போலத்தான். மூச்சு முட்டாமலே மயங்கிவிடுவீர்கள்.

3. குளத்தில், துணையோடு

பொதுக் குளத்தில் உயிர்க்காப்பாளரிடம் சொல்லி அனுமதி பெற்ற பிறகே இறங்குங்கள். பயிற்றுநரோடு போவது இன்னும் நல்லது. நிற்க முடிகிற ஆழம் போதும்.

துணை பக்கத்திலேயே நிற்பார். 1 நிமிடம் ஆனதும் தோளைத் தொடுவார், நீங்கள் ஒரு விரலை உயர்த்திக் காட்ட வேண்டும். பிறகு 15 நொடிக்கு ஒருமுறை தொடுவார். விரல் எழாவிட்டால் மறுபடி தொடுவார். அதற்கும் எழாவிட்டால் உடனே தூக்கிவிடுவார்.

எனக்கு 1:10-இல் வயிறு துடிக்க ஆரம்பித்தது. உதரவிதானம் உள்ளிருந்து உதைப்பது போல இருக்கும். முதல்முறை பயந்து எழுந்துவிட்டேன். அடுத்த வாரம் கீழே தெரிந்த ஓடுகளின் கோட்டையே பார்த்தபடி தாடையைத் தளர்த்திக் கிடந்தேன். துடிப்பு தொடர்ந்தது, பயம் போய்விட்டது. எழுந்ததும் காதோரம் துணையின் குரல்: “அண்ணே, மூச்சு! இன்னொண்ணு!”

அந்தக் குரல் முக்கியம். எழுந்ததும் சட்டென்று இழுத்து, ஒரு நொடி நிறுத்தி, கொஞ்சமாக விடுங்கள். சில தடவை இப்படிச் செய்யுங்கள். துணை 30 நொடி உங்கள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, மேலே வந்த பிறகும் மயக்கம் வரலாம். வந்துவிட்டால் முகத்தைத் தண்ணீருக்கு மேலே பிடித்து, மாஸ்க்கைக் கழற்றி, கண்ணருகே ஊதி, கன்னத்தில் தட்டி, பெயர் சொல்லி அழைக்க வேண்டும்.

4. கடல்

சிங்கப்பூர்க் கடல் கலங்கலானது, கப்பல் போக்குவரத்தும் அதிகம். ஆழம் பழகுபவர்கள் மலேசியாவின் தியோமான் தீவுக்கோ பாலிக்கோ போகிறார்கள். 10 மீட்டரில் நுரையீரலிலுள்ள காற்று பாதியாகச் சுருங்கும், காதைச் சமன்செய்யவும் கற்க வேண்டும். அதைப் பயிற்றுநரிடமே கற்றுக்கொள்ளுங்கள்.

5. போட்டி

1992-இல் தோன்றிய ஐடா (AIDA) என்ற அனைத்துலக ஃப்ரீடைவிங் அமைப்பின் கணக்கில் ஸ்டாட்டிக்கில் ஒரு நொடிக்கு 0.2 புள்ளி. 2 நிமிடத்துக்கு 24. குளத்தில் மூச்சடக்கி நீந்தும் டைனமிக்கில் மீட்டருக்கு அரைப் புள்ளி.

ஆனால் எழுந்த பிறகுதான் வெள்ளை அட்டையா (முயற்சி செல்லும்) சிவப்பா (செல்லாது) என்பது முடிவாகும். 15 நொடிக்குள் மாஸ்க், மூக்குக் கிளிப்பைக் கழற்றி, விரலால் ஓகே காட்டி, “ஐ ஆம் ஓகே” என்று சொல்ல வேண்டும், அதே வரிசையில். அதனால் கட்டிலில் பழகும் நாளிலிருந்தே ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இந்த மூன்றையும் செய்யுங்கள். உங்கள் துணை எதிரில் உட்கார்ந்து 15 எண்ணட்டும்.