பெட்டி வியாபாரத்துக்கு உள்ளூர்க் கடைகளைப் பிடிப்பது எப்படி?

இனிப்புப் பெட்டி, காகிதப் பை, பார்சல் டப்பா என்று வீட்டிலிருந்தே ஆன்லைனில் விற்பவர்களுக்குக் கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை ஸ்வீட் ஸ்டால்களும் மெஸ்களும் நல்ல வாடிக்கை. ஆனால் கல்லாவில் இருப்பவர் இன்ஸ்டாகிராம் பார்த்துப் பெட்டி வாங்கமாட்டார். மொத்த அச்சில் சிவகாசி விலைக்கு நம்மால் இறங்கவும் முடியாது. 200, 300 என்று சின்ன லாட்டாக, கேட்ட அன்றே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் நம் பலம். விளம்பரத்தில் அதையே சொல்லுங்கள்.

கூகுள் பிசினஸ் புரொஃபைல் (கூகுள் தேடலிலும் மேப்பிலும் நம் கடை தெரியும் பக்கம்) இலவசம். வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, சரக்கு போய்ச் சேரும் ஊர்களை மட்டும் 20 வரை சேர்க்கலாம். பெயரோடு ‘குறைந்த விலை ஸ்வீட் பாக்ஸ் கும்பகோணம்’ என்று வால் ஒட்டினால் பக்கம் முடங்கலாம். பில்லில் உள்ள பெயரே போதும்.

வாட்ஸ்அப் பிசினஸில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். கார்டு கொடுத்துவிட்டு வந்தால் அது கல்லாப் பெட்டிக்கு அடியில் கிடக்கும். அங்கேயே நின்று எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். கேட்டலாக்கில் 100 பெட்டிக்கு விலை, உள் அளவு இரண்டும் இருக்கட்டும். ‘அரைக் கிலோ பெட்டி’ என்று மட்டும் போட்டால் சண்டை வரும்: அரைக் கிலோ மைசூர்பாகு அடங்குகிற பெட்டியில் அரைக் கிலோ லட்டு அடங்காது.

மெஸ்ஸுக்கு மதியம் 3 மணிக்கு மேல் போங்கள். பந்தி நேரத்தில் போனால் முகம் கொடுக்கமாட்டார்கள். ஸ்வீட் ஸ்டாலுக்கு ஐந்து பெட்டி சாம்பிள் போதும். அதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை: திருவையாறு அசோகா அல்வாவைச் சூட்டோடு பெட்டியில் வைத்து, வெள்ளைத்தாள் மேல் இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாளில் நெய்க்கறை இருந்தால், பெரும்பாலும் மூலை மடிப்பில்தான் கசிந்திருக்கும். அந்த அட்டையைக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், தட்டு எதுவும் வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை.

தீபாவளிப் பெட்டிக்கு ஆவணியிலேயே போய்ப் பேசவேண்டும். புரட்டாசி கடைசியில் போனால் ஆர்டர் வேறு கைக்குப் போயிருக்கும்.

விலையை ஆளுக்கேற்பச் சொல்லுங்கள். 5% ஜிஎஸ்டி கட்டும் மெஸ், உள்ளீட்டு வரியை (சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியை) கழித்து எடுக்க முடியாது. அவருக்கு வரி சேர்த்த மொத்த விலைதான் கணக்கு. கல்லாவில் இனிப்பு விற்கும் ஸ்டால், காம்போசிஷனில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டம்) இல்லையென்றால், எடுக்கலாம். நீங்கள் மாதத் தாக்கல் செய்பவராக இருந்து, 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரத் தாக்கல்) போடாவிட்டால், ஸ்டால்காரர் கணக்கில் அந்த மாதம் வரி வரவு தெரியாது; அடுத்த ஆர்டர் சந்தேகம்தான்.

முதல் இரண்டு ஆர்டர் ரொக்கம். பிறகு 15 நாள் கடன் தரலாம், பழைய பில் தீர்ந்தால்தான் புதுச் சரக்கு என்ற பேச்சோடு.

திருநள்ளாறு, காரைக்கால் லாட்ஜ்கள் பக்கத்தில்தானே என்று இறங்கிவிடாதீர்கள். அது புதுச்சேரி, பில்லில் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது போடும் ஜிஎஸ்டி), மாநிலக் குறியீடு 34. ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் என்று ஜிஎஸ்டி பதிவு எடுக்காதவர், வரி உள்ள இந்தச் சரக்கை மாநில எல்லை தாண்டி விற்கவே கூடாது.